விந்தணுவின் மெத்தில் குறிகள் ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறும்?

நீங்கள் கேட்டது இது: விந்தணு டி.என்.ஏ.வில் இருக்கும் மெத்திலேற்றம் ஆணுக்கு ஆண் மாறுகிறது என்று படித்திருக்கிறீர்கள். எவ்வளவு மாறும், எதனால் மாறும், அது குழந்தை வரைக்கும் போகுமா? கூடவே, உங்களுக்கு 38 வயது, புகைபிடிப்பதை விட்டு ஒரு வருடம் ஆகிறது, இதற்கென்று தனியாகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

சுருக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பகுதி மாறுவதில்லை. ஆரோக்கியமான இரண்டு ஆண்களின் விந்தணுக்களை எடுத்து மரபணுத்தொகுதி முழுவதையும் ஒப்பிட்டால், பெரும்பாலான இடங்களில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். ஒரே மனிதரின் இரத்தத்தையும் விந்தணுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பெரிய வித்தியாசம் தெரியும். ஆளுக்கு ஆள் மாறும் இடங்களும் உண்டு, அவை முக்கியமானவைதான். ஆனால் அளவீட்டில் மாற்றம் தெரிந்தவுடன் வாழ்க்கைமுறையைக் குற்றம் சொல்லிவிட முடியாது. அளந்தது விந்தணுவைத்தானா, அந்த ஆளின் மரபணு எழுத்தே வேறா, அவருக்கு வயது என்ன என்று முதலில் கேட்க வேண்டும். இதையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் சாப்பாடு, புகை, எடை என்று செய்திகளில் வருவது. அது சின்ன மிச்சம்.

டி.என்.ஏ.வில் ஏ, டி, ஜி, சி என்று நான்கு எழுத்துகள். சி-யை அடுத்து ஜி வரும் இடங்கள் மனித மரபணுத்தொகுதியின் ஒரு பிரதியில் சுமார் 2.8 கோடி இருக்கின்றன. சிபிஜி இடம் என்பார்கள். அந்த சி-யின் மேல், ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த மெத்தில் என்ற துணுக்கு ஒட்டிக்கொள்வதுதான் மெத்திலேற்றம். 'க' என்று எழுதி அதன் தலையில் புள்ளி வைத்தால் எழுத்து அதேதான், ஆனால் உயிரோசை அடங்கி 'க்' ஆகிவிடுகிறது இல்லையா, கிட்டத்தட்ட அப்படி. ஒரு மரபணு தொடங்கும் இடத்தில் இந்தப் புள்ளிகள் நெருக்கமாக விழுந்தால் அந்த மரபணு பெரும்பாலும் அடங்கிவிடும். விந்தணுவில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு சிபிஜி இடங்களில் புள்ளி இருக்கும். மரபணுக்கள் தொடங்கும் இடங்கள் மட்டும் பெரும்பாலும் காலியாக இருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் எளிதாகிவிடும். ஆய்வறிக்கைகளில் 'இந்த இடத்தில் மெத்திலேற்றம் 40 சதவீதம்' என்று வரும். தனி விந்தணு ஒன்றில் அப்படி எதுவும் கிடையாது. விந்தணுவில் ஒவ்வொரு குரோமோசோமும் ஒரே பிரதிதான். ஆகவே ஒரு இடத்தில் புள்ளி இருக்கும், அல்லது இருக்காது. 40 சதவீதம் என்பது கூட்டத்தின் கணக்கு: அந்த மாதிரியில் இருந்த விந்தணுக்களில் நூற்றுக்கு நாற்பதில் புள்ளி இருந்தது, அறுபதில் இல்லை. ஒரு தடவை வெளிவரும் விந்தில் கோடிக்கணக்கான விந்தணுக்கள் இருக்கின்றன, கருமுட்டைக்குள் போவது ஒன்றே ஒன்று. தந்தையின் சராசரி 40-லிருந்து 45 ஆனால், போகும் அந்த ஒன்று இன்னும் ஆம் அல்லது இல்லை என்றுதான் இருக்கும். ஒரே ஆளின் விந்தணுக்களுக்குள்ளேயே இப்படி வேறுபாடு உண்டு என்பதை டொரன்டோ ஆய்வாளர்கள் 2006-இலேயே விரிவாகக் காட்டினார்கள். ஆளுக்கு ஆள் வேறுபாட்டைப் பற்றிப் பேசும் பலர் இந்த உள்வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் குழந்தையைப் பொறுத்தவரை கணக்கில் வருவது இதுதான்.

பெரும்பாலான இடங்கள் ஒன்று 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும், இல்லையென்றால் 20-க்குக் கீழே இருக்கும். அந்த இரண்டு முனைகளிலும் ஆணுக்கு ஆண் அதிக மாற்றம் இருக்காது. நடுவில் தொங்கும் இடங்கள் சிறுபான்மை, மாற்றம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. பல ஆய்வுகளில் பயன்படும் ஆயத்த மெத்தில் சில்லுகள் (முன்பே தேர்ந்தெடுத்த இடங்களில் மட்டும் மெத்திலேற்றத்தை அளக்கும் சிறு தகடுகள்) 4.5 லட்சம் அல்லது 8.5 லட்சம் இடங்களைத்தான் தொடும், 2.8 கோடியில் அது 2 முதல் 3 சதவீதம். அந்த இடங்களும் விந்தணுவை மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை இல்லை. எனவே 'மாற்றம் எதுவும் இல்லை' என்று ஒரு சில்லு ஆய்வு சொன்னால், தேடிய இடத்தில் இல்லை என்றே அதைப் படிக்க வேண்டும்.

இந்தப் புள்ளிகள் எப்போது விழுகின்றன? ஆண் குழந்தை தாயின் வயிற்றில் கருவாக இருக்கும்போதே. பிற்காலத்தில் விந்தணுக்களாகப் போகிற ஆதிச் செல்கள், கருவின் சுமார் 7 முதல் 11 வாரங்களுக்குள், தங்கள் மேல் இருந்த மெத்தில் குறிகளை ஏறக்குறைய முழுவதுமாகத் துடைத்துவிடுகின்றன. மிஞ்சுவது 10 சதவீதத்துக்கும் கீழே. அப்புறம் பிறப்பதற்கு முன்பே புதிய குறிகள் எழுதப்படத் தொடங்குகின்றன. டிஎன்எம்டி3ஏ என்ற நொதியும் அதற்குத் துணையாக டிஎன்எம்டி3எல் என்ற புரதமும் இந்தப் புது எழுத்து வேலையின் முக்கிய ஆட்கள். மரபணுத்தொகுதியில் இடம்விட்டு இடம் தாவக்கூடிய துண்டுகளைப் புள்ளி வைத்து அடக்குவது இதில் பெரிய பங்கு. பருவமடைந்த பிறகு விந்தணுத் தாய்ச்செல்கள் சுமார் 16 நாளுக்கு ஒருமுறை பிரிகின்றன, வருடத்துக்கு 23 முறை என்பது வழக்கமான கணக்கு. ஒவ்வொரு பிரிவிலும் டிஎன்எம்டி1 என்ற நொதி பழைய இழையைப் பார்த்துப் புதிய இழையில் புள்ளிகளைப் பிரதி எடுக்கிறது. 20 வயதில் சுமார் 150 பிரிவுகள் முடிந்திருக்கும் என்றால், 40 வயதில் சுமார் 610. அத்தனை தடவை பிரதி எடுக்கும்போது ஆங்காங்கே ஒரு புள்ளி விடுபடாமல் இருக்குமா?

எழுதும்போது சில இடங்களில் பிசகவே கூடாது. தாயிடமிருந்து வந்ததா, தந்தையிடமிருந்து வந்ததா என்று குறிக்கும் முத்திரை இடங்கள் அவை. எச்19, ஐஜிஎஃப்2 மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் பகுதி விந்தணுவில் முழுக்கப் புள்ளியோடு இருக்க வேண்டும், இது தந்தை முத்திரை. மெஸ்ட், எஸ்என்ஆர்பிஎன் போன்ற மரபணுக்களின் முத்திரைப் பகுதி விந்தணுவில் முழுக்கக் காலியாக இருக்க வேண்டும், இது தாய் முத்திரை. உடலின் மற்ற செல்களில் தாயின் பிரதி ஒன்று, தந்தையின் பிரதி ஒன்று என்பதால் இவை எல்லாமே 50 சதவீதம். இந்த 50-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன்: அளந்தது விந்தணுவைத்தானா? விந்தில் விந்தணுக்கள் மட்டும் இருப்பதில்லை. வெள்ளணுக்கள் இருக்கும், முதிராத உருண்டைச் செல்கள் இருக்கும், உரிந்து விழுந்த மேற்பரப்புச் செல்கள் இருக்கும். நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மாதிரியில் 10 கோடி விந்தணுக்கள், 50,000 வெள்ளணுக்கள். வெள்ளணுவில் டி.என்.ஏ. இரண்டு பிரதி, விந்தணுவில் ஒன்று. ஆக வெள்ளணுக்களின் பங்கு 1,00,000 பிரதிகள், மொத்தத்தில் 0.1 சதவீதம். கவலையே வேண்டாம். இன்னொருவருக்கு விந்தணு எண்ணிக்கை குறைவு, 10 லட்சம்தான். வெள்ளணுக்கள் அதே 50,000. இங்கே வெள்ளணுக்களின் பங்கு 11 லட்சத்தில் 1 லட்சம், அதாவது 9 சதவீதத்துக்கும் மேல். எச்19 பகுதி விந்தணுவில் 100, வெள்ளணுவில் 50 என்றால், அளவீட்டில் 95.5 வரும். மெஸ்ட் பகுதி 0 என்றிருக்க வேண்டியது 4.5 என்று வரும். அவருடைய விந்தணுக்களில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை, ஆனாலும் தந்தை முத்திரை குறைந்திருக்கிறது, தாய் முத்திரை ஏறியிருக்கிறது என்று அறிக்கை சொல்லும். அதுவும் விந்தணு குறைந்த ஆண்களிடம் மட்டும் சொல்லும். குறைபாட்டுக்கும் மெத்திலேற்றத்துக்கும் தொடர்பு கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆய்வகத்தில் இதைத் தடுக்க வழிகள் உண்டு. விந்தணுவின் தலைக்குள் டி.என்.ஏ. புரோட்டமைன் என்ற புரதத்தோடு சேர்ந்து இறுகக் கட்டப்பட்டிருக்கும், கந்தகப் பிணைப்புகள் அந்தக் கட்டைப் பூட்டி வைத்திருக்கும். மென்மையான சலவைக் கரைசலில் கொஞ்ச நேரம் ஊற வைத்தால் மற்ற செல்கள் உடைந்து கரைந்துவிடும், விந்தணுத் தலைகள் அப்படியே நிற்கும். பிறகு கழுவி, நுண்ணோக்கியில் கட்டம் கட்டமாகப் பார்த்து, உருண்டைச் செல் ஒன்றுகூட இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் டிடிடீ என்ற வேதிப்பொருளைச் சேர்த்து அந்தப் பூட்டைத் திறந்து டி.என்.ஏ.வை வெளியே எடுக்க வேண்டும். அதற்குப் பிறகும், டிஎல்கே1 போல விந்தணுவில் காலியாகவும் மற்ற செல்களில் நிறைந்தும் இருக்கும் ஒரு இடத்தை அளந்து கலப்பு இல்லை என்று காட்டச் சொல்வேன். ஆய்வுக் கட்டுரை ஒன்று கைக்கு வந்தால் நான் முடிவுகளுக்குப் போவதற்கு முன் இந்த வரி இருக்கிறதா என்றுதான் தேடுவேன்.

2004-இல் லான்செட் மருத்துவ இதழில், விந்தணு எண்ணிக்கை குறைந்த ஆண்களிடம் எச்19 முத்திரை குறைந்திருப்பதாக ஒரு அறிக்கை வந்தது. அதைத் தொடர்ந்து அதே போக்கில் நிறைய ஆய்வுகள் வந்தன. 2020-இல் ஜெர்மனியில் ஒரு குழு, விந்தணு உற்பத்தி மிகவும் குறைந்த ஆண்களின் மாதிரிகளில் வேறு செல் கலப்பையும் மரபணு வேறுபாட்டையும் கவனமாக விலக்கிவிட்டு முழுத் தொகுதியையும் படித்தபோது, அவர்களுக்குப் பொதுவாகத் திரும்பத் திரும்ப வரும் மெத்தில் பிழை எதுவும் தென்படவில்லை. பழைய முடிவுகள் அத்தனையும் தவறு என்று நான் சொல்ல வரவில்லை; சிலரிடம் முத்திரைப் பிழை நிஜமாகவே இருக்கக்கூடும். ஆனால் குழந்தையின்மைக்காக ஏற்கெனவே மனம் நொந்திருப்பவர்களிடம் 'உங்கள் விந்தணுவில் முத்திரை கெட்டிருக்கிறது' என்று சொல்வதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டாமா?

இரண்டாவது, மரபணு எழுத்து. ஒருவருக்கு ஒரு சிபிஜி இடத்தில் சி-க்குப் பதில் டி இருந்தால் புள்ளி வைக்க எழுத்தே இல்லை. மெத்திலேற்றத்தை அளக்கும் பைசல்ஃபைட் முறையோ, புள்ளி இல்லாத சி-யை டி என்று படிக்க வைக்கும் முறை. ஆகவே இயல்பாகவே டி இருப்பவரும், புள்ளி இல்லாதவரும் அந்த அளவீட்டில் ஒரே போலத் தெரிவார்கள். பல ஆண்களை வரிசையாக வைத்துப் பார்த்து ஒரு இடத்தில் மதிப்புகள் 0, 50, 100 என்று மூன்று குவியலாகப் பிரிந்தால், அதற்குக் காரணம் மரபெழுத்துதான் என்று சந்தேகப்படலாம். புள்ளி உள்ள சி காலப்போக்கில் டி-யாக மாறுவது மற்ற மாற்றங்களைவிட ஏறக்குறைய பத்து மடங்கு அதிகம் என்பதால், இப்படிப்பட்ட இடங்கள் மனிதர்களிடம் நிறையவே உண்டு. எழுத்து அந்த இடத்திலேயே மாற வேண்டும் என்றும் இல்லை, பக்கத்தில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த வட்டாரத்தின் மெத்திலேற்றம் கூடலாம், குறையலாம். ஆளுக்கு ஆள் காணும் பெரிய வேறுபாடுகளில் நல்ல பங்கு இதிலிருந்து வருகிறது.

மூன்றாவது வயது. எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் சான்று இங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் ஒரே ஆளை அவரோடேயே ஒப்பிட முடிகிறது. 2014-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், குழந்தை பெற்ற 17 ஆண்கள் 9 முதல் 19 வருட இடைவெளியில் கொடுத்த இரண்டு மாதிரிகளை ஒப்பிட்டார்கள். 139 பகுதிகளில் வயதோடு மெத்திலேற்றம் குறைந்திருந்தது, 8 பகுதிகளில் கூடியிருந்தது. அந்த எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, வெவ்வேறு ஆண்களிடம் அதே இடங்கள் அதே திசையில் நகர்ந்தன என்பது. மூளை வளர்ச்சி, மனநோய்களோடு பேசப்படும் மரபணுக்களின் பக்கத்தில் சில பகுதிகள் இருந்ததால் செய்திகளில் பரபரப்பானது. ஆனால் ஒவ்வொரு பகுதியிலும் மாற்றம் சில சதவீத அளவுதான். இதே போக்கை வைத்து விந்தணுவைப் பார்த்தே ஆணின் வயதைச் சில வருடத் துல்லியத்தில் சொல்லும் கணிப்பு முறைகளும் பின்னால் வந்தன. இரத்தத்தை வைத்து உருவான வயதுக் கடிகாரங்கள் இங்கே பொருந்தாது. அவற்றில் விந்தணுவைப் போட்டால் ஆளின் உண்மை வயதைவிட மிகக் குறைவாகக் காட்டும். இப்படி விந்தணுவுக்கென்றே செய்த ஒரு கடிகாரத்தை வைத்து அமெரிக்காவின் வேன் ஸ்டேட் பல்கலைக்கழகக் குழு 379 ஆண்களைப் பார்த்தது. விந்தணு வயது கூடியவர்களின் இணைகளில், 12 மாதத்துக்குள் கருத்தரிக்கும் வாய்ப்பு 17 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2022-இல் எழுதினார்கள். இது ஒரு பொதுப் போக்கு. தனி ஆளுக்கு இதை வைத்து ஆரூடம் சொல்ல முடியாது.

சரி, நீங்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் வாழ்க்கைமுறை. புகை, கஞ்சா, உடல் பருமன் எல்லாவற்றோடும் விந்தணுவின் மெத்தில் வேறுபாடுகள் பதிவாகியிருக்கின்றன. ஆனால் ஆட்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். 2018-இல் வந்த கஞ்சா ஆய்வில் பயன்படுத்தியவர் 12, பயன்படுத்தாதவர் 12. கோபன்ஹேகனில் இருந்து 2016-இல் வந்த உடல் பருமன் ஆய்வில் ஒல்லியான ஆண்கள் 13, பருமனானவர்கள் 10. எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்ட 6 பேரை முன்னும் பின்னும் பார்த்தார்கள். பசியைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களை ஒட்டி மாற்றம் தெரிந்தது. அதே ஆளை முன்னும் பின்னும் அளந்தது அந்த ஆய்வின் பலம். ஆனாலும் 6 பேரை வைத்துக்கொண்டு எடை கூடிய ஒவ்வொரு தந்தையையும் குற்ற உணர்ச்சியில் தள்ளுவது நியாயமில்லை. ஒரு இடத்தை 10 முறை மட்டும் படித்தால் உண்மையான 50 சதவீதம், வெறும் தற்செயலில் 35-ஆகவோ 65-ஆகவோ எளிதாக வரும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சில சதவீத மாற்றத்தை நம்ப வேண்டுமென்றால் ஆட்களும் நிறைய வேண்டும், ஒவ்வொரு இடத்தையும் பலமுறை படித்திருக்கவும் வேண்டும்.

ஃபோலிக் அமிலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மெத்தில் துணுக்கு தயாராகும் பாதையில் ஃபோலேட் இருப்பதால் 'நிறையச் சாப்பிட்டால் நல்லது' என்று பலர் தாங்களாகவே தொடங்கிவிடுகிறார்கள். 2015-இல் கனடாவில், காரணம் தெரியாத குழந்தையின்மை உள்ள 30 ஆண்களுக்குத் தினம் 5 மில்லிகிராம் வீதம் 6 மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். விந்தணுவில் மெத்திலேற்றம் கூடவில்லை, பல இடங்களில் குறைந்தது. ஃபோலேட்டைக் கையாளும் எம்டிஎச்எஃப்ஆர் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இரண்டு பிரதியிலும் இருந்தவர்களிடம் அது அதிகம். அப்புறம் 2020-இல், 2,370 இணைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனையில், ஆண்களுக்கு 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் 30 மில்லிகிராம் துத்தநாகமும் கொடுத்ததில் குழந்தை பிறக்கும் விகிதம் கூடவில்லை, விந்தணு டி.என்.ஏ. உடைவு கொஞ்சம் கூடியது. ஆகவே இந்த அளவு மாத்திரையைத் தானாக எடுக்காதீர்கள் என்று எனக்குத் தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்கிறேன். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்களுக்கு மருத்துவர் சொல்லும் ஃபோலிக் அமிலம் வேறு விஷயம், அதை நிறுத்தச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள்.

குழந்தைக்குப் போகுமா? விந்தணு கருமுட்டைக்குள் போன சில மணி நேரத்திலேயே தந்தை வழி டி.என்.ஏ.வின் மெத்தில் குறிகள் வேகமாகக் கழற்றப்படுகின்றன, டெட்3 என்ற நொதிக்கு இதில் பெரிய பங்கு. ஐந்தாறு நாளில், கரு கருப்பையில் ஒட்டிக்கொள்ளப் போகும் நேரத்தில், மெத்திலேற்றம் மிகக் குறைந்த நிலைக்கு வந்துவிடும். முத்திரை இடங்கள் மட்டும் இசட்எஃப்பி57, இசட்என்எஃப்445 போன்ற புரதங்களின் காவலில் தப்பிக்கின்றன. தாவும் துண்டுகள் சிலவும் தப்பிக்கும். ஆக, தந்தையின் சாப்பாடு ஒரு சாதாரண இடத்தில் ஏற்படுத்திய 5 சதவீத மாற்றம் குழந்தைக்குப் போக வேண்டுமென்றால், அந்த மாற்றம் இருந்த விந்தணுவே தேர்வாக வேண்டும், அப்புறம் இந்தத் துடைப்பையும் தாண்ட வேண்டும். எலிகளில் தந்தையின் உணவு குட்டிகளைப் பாதிப்பதாகக் காட்டியிருக்கிறார்கள், ஆனால் அங்கேயும் சிறு ஆர்.என்.ஏ.க்கள் போன்ற வேறு வழிகளுக்குச் சான்று வலுவாக இருக்கிறது. மனிதர்களில், தந்தையின் விந்தணுவில் மாறிய ஒரு புள்ளி அப்படியே குழந்தையின் உடலில் வந்து உட்கார்ந்தது என்று சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டிய உதாரணத்தை நான் பார்த்ததில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தாய்ச்செல்லிலிருந்து முழு விந்தணு உருவாகச் சுமார் 74 நாள் ஆகும். புகையை விட்டு ஒரு வருடம் என்றால், இன்று உங்களிடம் இருக்கும் விந்தணுக்களில் எதுவும் நீங்கள் புகைபிடித்த காலத்தில் உருவாகத் தொடங்கியது இல்லை. நான்கைந்து தலைமுறை விந்தணுக்கள் வந்து போய்விட்டன. தாய்ச்செல்கள் பழையவைதான், அவற்றில் ஏதாவது தங்கியிருக்கலாம், ஆனால் நீங்கள் செய்ததைவிட அதிகமாக அதற்குச் செய்யக்கூடியது எதுவும் இல்லை. 38 வயதில் விந்தணுவின் மெத்தில் பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. எண்ணிக்கை, அசைவு, வடிவம் பார்க்கும் வழக்கமான விந்துப் பரிசோதனையில் தொடங்குங்கள். அதில் வெள்ளணுக்கள் அதிகம் என்று வந்தால் அதை முதலில் மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்யுங்கள். முடிவு சந்தேகமாக இருந்தால் மூன்று மாதம் கழித்து, இடையில் கடுமையான காய்ச்சல் வராமல் இருந்தால், இன்னொரு மாதிரி கொடுங்கள்.